வயிற்றின் மேல் ஒரு ஊக்கு

1

இந்த மாதம் அப்பாவுக்குத் தலை தெவசம். சாவுக்குத்தான் வரவில்லை, இதற்காவது வந்துவிடு என்று தம்பி ஆரணியிலிருந்து போன் செய்தான். இங்கே குடிவரவு அலுவலகத்தில் என் விசா நீட்டிப்புக்கான முத்திரை இன்னும் விழவில்லை. அது விழாமல் நாட்டை விட்டுப் போனால், திரும்பி வர எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இதை ஊரில் இருப்பவர்களுக்கு விளக்குவதற்குள் வாய் வலித்துவிடுகிறது. பெற்ற அப்பனுக்குச் செய்ய வருவதற்கு யாரைக் கேட்க வேண்டும் என்கிறார்கள். கேட்கத்தான் வேண்டும். டோக்கன் வாங்கி, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, கூப்பிடும்போது ஓடிப்போய்க் கேட்க வேண்டும்.

ஆகவே போகவில்லை. போகாத குறைக்கு உட்கார்ந்து இதை எழுதுகிறேன். போன வருடம் எனக்கு வந்த பயத்தை இதுவரை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. கணவரிடம் சொன்னால் சிரிப்பார்.

நாங்கள் இருப்பது தாய்லாந்தில், பாங்காக்கைத் தாண்டித் தொழிற்சாலைகள் சூழ்ந்த ஒரு ஊரில். கணவருக்கு டயர் கம்பெனியில் வேலை. மகள் யாழினி இங்கேயே பிறந்து இங்கேயே படிக்கிறாள். பள்ளியில் அவளுக்கு ஃபா என்று பெயர். வானம் என்று அர்த்தமாம். வீட்டில் யாழினி என்று கூப்பிட்டால் இரண்டாவது தடவைதான் திரும்புகிறாள்.

நான் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி. அதற்குக் காரணம் உண்டு. அப்பா முனிரத்தினம் ஆரணியில் பூக்கடை வைத்திருந்தார். முகூர்த்த நாட்களில் கல்யாண மாலை. பட்டு எடுக்க வெளியூரிலிருந்து வருகிறவர்கள் கையோடு மாலைக்கும் சொல்லிவிட்டுப் போவார்கள். மற்ற நாட்களில் சாவுக்குப் பூப்பல்லக்கு. எங்கள் தெருவில் தறிச் சத்தம் திடீரென்று நின்றுவிட்டால் ஏதோ ஒரு வீட்டில் யாரோ போய்விட்டார்கள் என்று பொருள். கொஞ்ச நேரத்தில் அப்பாவைத் தேடி ஆள் வரும். அந்த நிசப்தம் ஆரம்பிக்கும்போதே நான் அம்மாவின் பின்னால் போய் ஒளிந்துகொள்வேன். மறுநாள் பள்ளிக்கூடம் போகிற வழியெல்லாம் ஊர்வலத்தில் இறைத்த சாமந்தி கிடக்கும். மிதித்தால் செத்தவர் கூடவே வந்துவிடுவார் என்று தோழிகள் சொல்லியிருந்ததால், தாண்டித் தாண்டிப் போவேன். அப்பாவிடம் சொன்னால், "பூவுக்கு இன்னா தெரியும், அது எதுக்குப் போவுதுன்னு?" என்பார். அவருக்குச் சாவைப் பற்றிப் பயமே கிடையாது. எனக்கு வர வேண்டிய தைரியத்தையும் சேர்த்து அவரே வைத்துக்கொண்டார் போலிருக்கிறது.

2

அப்பா கடையில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். மாரடைப்பு. எனக்கு அப்போது ஆறாம் மாதம். இதற்கு முன்னால் ஒன்று தங்காமல் போயிருந்தது. யாழினிக்கும் வயிற்றில் இருந்ததற்கும் நடுவில் வந்த அந்த ஒன்றைப் பற்றி நாங்கள் யாரும் பேசுவதில்லை. இந்த முறை நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறது, விமானம் ஏறக்கூடாது, கனமாக எதையும் தூக்கக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். தம்பி வீடியோவில் காட்டினான். தன் கடைப் பையன்களே கட்டிய பல்லக்கில் அப்பா படுத்திருந்தார். ரோஜாவை இன்னும் நெருக்கிக் கட்டியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. அப்பாவும் அதைத்தான் சொல்லியிருப்பார்.

அம்மா போனை வாங்கினாள். நான் விசும்பிக்கொண்டிருந்தேன்.

"அழாத. வயித்துல கீற புள்ள பயந்துடும். உங்கப்பா எங்கயும் போவல. உங்கிட்டதான் வந்துகினு கீறாரு."

ஆறுதலுக்குச் சொல்லவில்லை. நம்பித்தான் சொன்னாள். எங்கள் வீட்டில் இது வழக்கம். ஒரு சாவு விழுந்த வருடத்துக்குள் ஒரு பிள்ளை பிறந்தால், போனவர்தான் வந்திருக்கிறார். என் தம்பி பிறந்தபோது பெரியப்பா போய் ஏழெட்டு மாதம்தான் ஆகியிருந்தது. அதனால் அப்பா தம்பியை ஒருநாளும் வாடா போடா என்று கூப்பிட்டதில்லை. கணக்குப் பரீட்சையில் அவன் கோட்டை விட்டுவிட்டு வந்து நின்றபோதுகூட, "இன்னா அண்ணே, இப்பிடிப் பண்ணிட்டீங்களே" என்றுதான் வருத்தப்பட்டார். பிரம்பை எடுத்தால் அண்ணனை அடித்த பாவம் வந்துவிடும். தம்பி இந்தச் சலுகையை நன்றாகவே அனுபவித்தான்.

அந்தக் கதையைச் சொல்லி இத்தனை நாள் சிரித்திருக்கிறேன். இப்போது என் வயிற்றைக் காட்டி அதே கதையைச் சொன்னதும் சிரிப்பு வரவில்லை. பையன் பிறந்தால் முனிரத்தினம் என்று பெயர் வைக்க வேண்டும் என்று அம்மா என் கணவரிடம் வாக்கு வாங்கிக்கொண்டாள். எனக்குள்ளே ஒரு ஓரத்தில் அப்பா வந்தால் நன்றாக இருக்குமே என்ற ஆசை. இன்னொரு ஓரத்தில், போன முறை மாதிரி இதுவும் தங்காமல் போனால் அப்பாவை இரண்டாம் தடவை சாகடித்தவள் ஆகிவிடுவேனே என்ற நடுக்கம். நடுக்கம்தான் பெரிதாக இருந்தது.

3

அப்பாவின் காரியம் முடிவதற்குள் பக்கத்து வீட்டிலும் சாவு. வீட்டுக்காரம்மா மாலியின் கணவர். எங்கள் வீடும் அவர்கள் வீடும் ஒரே சுற்றுச்சுவருக்குள் இருக்கின்றன. அவர் ஓய்வுபெற்ற போலீஸ்காரர், சிடுமூஞ்சி. நான் பெருங்காயம் தாளித்தால் தன் வீட்டு ஜன்னலை டமாரென்று சாத்துவார். ஆனால் மாலி தங்கமான மனுஷி. யாழினி கைக்குழந்தையாக இருந்தபோது எனக்குத் தாய்லாந்து பாஷையில் நாலு வார்த்தை கற்றுக்கொடுத்து, மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போய், இந்த ஊரில் என்னை ஆளாக்கியவர் அவர்தான். போகாமல் இருக்க முடியாது.

கர்ப்பிணி சாவு வீட்டுக்குப் போகலாமா என்று எனக்கு உதறல். மாலியே வாசலில் வந்து நின்றார். என் சட்டையின் முன்பக்கத்தைப் பிடித்து இழுத்து, வயிற்றுக்கு நேராக ஒரு ஊக்கைக் குத்திவிட்டார். பிள்ளைத்தாய்ச்சி சாவுக்கு வந்தால் இங்கே இப்படித்தான் செய்வார்களாம். உடம்பை விட்ட உயிர் புதிதாக இறங்க இடம் தேடிக்கொண்டிருக்கும். ஊக்கு இருந்தால் வயிற்றுக்குள் நுழையாது. சொல்லும்போது, சளி பிடிக்காமல் இருக்கக் குல்லாய் போட்டுவிடுகிற முகம்தான் அவருக்கு.

புத்தரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் சொற்பம். சின்ன வயதில் பள்ளியிலிருந்து ஆரணிப் பக்கத்துத் திருமலைக்குக் கூட்டிப்போனபோது பாறையில் நின்ற பெரிய உருவத்தைப் பார்த்து, புத்தர் என்று கும்பிட்டேன். அது சமணச் சிலை என்று டீச்சர் தலையில் குட்டினார். அதோடு சரி. இங்கே வந்த பிறகும் கோயிலுக்குப் போனால் சாம்பிராணி வாசனையும் குளிர்ந்த தரையும் பிடித்திருந்தன. அதற்கு மேல் கேட்டதில்லை.

கோயில் கூடத்தில் பெட்டிக்குள் அவர் இருந்தார். பெட்டியிலிருந்து ஒரு வெள்ளை நூல் பிக்குகளின் கை வரைக்கும் போனது. அவர்கள் விசிறியால் முகத்தை மறைத்துக்கொண்டு ஒரே குரலில் ஓதினார்கள். யாருமே அழவில்லை. மாலி வந்தவர்களுக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தார். நான் துக்கம் விசாரிக்கப் போய், படபடப்பில் வருத்தமாக இருக்கிறது என்பதற்குப் பதில் சந்தோஷமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். கூட வந்திருந்த யாழினி தலையில் கைவைத்துக்கொண்டாள். மாலி கோபிக்கவில்லை, வலியில்லாமல் போனார், சந்தோஷம்தான் என்றார். அழுதால் போகிறவர் திரும்பிப் பார்ப்பாராம். திரும்பிப் பார்த்தால் வழி தவறிவிடுமாம். கடைசி மூச்சில் மனசு எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறதோ அந்தப் பக்கம்தான் பிறவி இழுக்கும், அதனால் அவர் காதில் புத்தர் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தேன் என்றார்.

கஞ்சிக் கிண்ணத்தை அப்படியே கீழே வைத்துவிட்டேன். அப்பாவின் கடைசி மூச்சில் காதில் யார் பெயர் சொன்னார்கள்? பூ லாரி தாமதமாக வந்ததற்கு டிரைவரைப் போனில் திட்டிக்கொண்டிருந்தாராம். பாதித் திட்டில்தான் சாய்ந்தார் என்று தம்பி சொல்லியிருந்தான். அது எந்தப் பக்கம் இழுக்கும் என்று மாலியிடம் கேட்கத் தைரியம் வரவில்லை.

ஓதி முடித்ததும் மாலி என்னை மூத்த பிக்குவிடம் தீர்த்தம் தெளிக்கக் கூட்டிப்போனார். யாழினி பிக்குவின் முன்னால் கால்களை ஒருபக்கமாக மடித்து உட்கார்ந்த அழகைப் பார்த்தால் ஆரணி முனிரத்தினத்தின் பேத்தி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அவளை விட்டுக் கேட்கச் சொன்னேன்: என் அப்பா இந்த வயிற்றுக்கு வருவாரா? பிக்கு நிதானமாகப் பதில் சொன்னார். யாழினி தமிழைத் தேடித் தேடி எடுத்துக் கொடுத்தாள்.

"தாத்தா செஞ்சதெல்லாம் அடுத்த பிறப்புக்குப் போவுமாம்மா. தாத்தா போவ மாட்டாராம்."

"அப்போ வர்றது யாரு?"

அவள் மறுபடி கேட்டாள். பிக்கு சிரித்தார்.

"வர்றதுக்கு யாரும் இல்லயாம். ஆனா வருமாம்."

அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அது பயமாகப் பட்டது. எங்கள் ஊர்க் கணக்கில் வருவதற்கு ஆள் உண்டு. பெயர் சொல்லிக் கூப்பிடலாம், அண்ணே என்று கோபித்துக்கொள்ளலாம். இங்கே ஆளே இல்லை என்கிறார்கள். அப்படியானால் போன தடவை என்னிடம் வந்து தங்காமல் போனதே, அது யார்? அதுவும் யாருமில்லையா? அதைக் கேட்கச் சொல்லி யாழினியிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

4

மறுநாள் அம்மா வீடியோவில் வந்தாள். ஊக்கைக் கழற்ற மறந்திருந்தேன். கேமராவில் அது மின்னியது.

"வயித்துல இன்னாடி அது?"

மறைக்கத் தெரியாமல் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மாவுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. பிள்ளை பெற்றவள் தலைமாட்டில் இரும்பு வைக்கிற ஊர்க்காரி அவள். இரும்பு இருக்கிற இடத்தில் உயிர் அண்டாது என்பது அவளுக்கு மாலியை விட நன்றாகத் தெரியும். முகம் அப்படியே செத்துவிட்டது.

"அந்த மனுசன் அவ்ளோ தூரம் வந்துகினு கீறாரு. நீ கதவ சாத்திகினு உக்காந்துகினு கீற."

உடனே கழற்றினேன். சாயங்காலம் தகனத்துக்குக் கிளம்பும்போது மாலி என் வயிற்றைப் பார்த்துப் பதறி, தன் சட்டையிலிருந்தே ஒரு ஊக்கை எடுத்துக் குத்தினார். அதற்குப் பிறகும் சில வாரங்கள் அவர் அதைக் கழற்ற விடவில்லை. புதிதாகப் போனவர் வீட்டைச் சுற்றிக்கொண்டுதான் இருப்பார் என்றார். ஆக, மாலி வரும்போது குத்திக்கொள்வேன். அம்மா கூப்பிடும்போது கழற்றிக்கொள்வேன். இரண்டு பேரிடமும் நல்ல பெண் என்று பெயர் வாங்கினேன்.

தனியாக இருக்கும்போதுதான் பயம் பிடித்துக்கொண்டது. ஊக்கு இல்லாத நேரங்களில் கதவு திறந்திருக்கிறது. அப்பா ஆரணியிலிருந்து கடல் தாண்டி வர வேண்டும். வழி தெரியாது, பாஷை தெரியாது, சென்னையைத் தாண்டி எங்குமே போனதில்லை. போலீஸ்காரருக்கோ எங்கள் வீடு பத்தடி. நான் அம்மாவுக்காகத் திறந்து வைத்த நேரத்தில் யார் நுழைந்திருப்பார்கள்? இதைப் படித்துச் சிரிப்பவர்கள் சிரிக்கலாம். நான் அன்றிலிருந்து பெருங்காயம் தாளிக்கும்போதெல்லாம் குழந்தை உதைக்கிறதா என்று கவனித்தேன். ஒருநாள் உதைத்தது. அடுப்பை அணைத்துவிட்டுக் கட்டிலில் போய்ப் படுத்துக்கொண்டேன்.

யாழினிக்கு இதில் எந்தச் சங்கடமும் இல்லை. தாத்தா எங்கேயாவது குட்டியாக இருப்பார், பக்கத்து வீட்டுத் தாத்தாவும் எங்கேயாவது குட்டியாக இருப்பார் என்று சொல்லிவிட்டு, காலையில் பாலை உறிஞ்சிவிட்டுப் பள்ளிக்குப் போய்விடுவாள். எனக்கு அவளைப் பார்த்துப் பொறாமையாகவும் இருந்தது, என் கையை விட்டு எங்கேயோ போகிறாள் என்று கலக்கமாகவும் இருந்தது.

5

எட்டாம் மாதம் பிறந்த வாரத்தில், காலையில் துணிகளை வாஷிங் மெஷினிலிருந்து எடுத்துக்கொண்டிருக்கும்போது காலோடு ரத்தம் இறங்கியது. வலி இல்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. கணவர் வேலையில், யாழினி பள்ளியில். மாலியைக் கூப்பிட்டேன். வாயில் வந்ததெல்லாம் தமிழ். பத்து வருடமாகச் சேர்த்து வைத்த தாய்லாந்து பாஷையில் ஒரு வார்த்தைகூட அகப்படவில்லை. ஆனாலும் அவர் வந்தார். தன் வண்டியில் என்னைப் பின்சீட்டில் படுக்க வைத்து, வழி நெடுக ஹாரன் அடித்துக்கொண்டே ஓட்டினார்.

ஆஸ்பத்திரியில் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். படிக்கத் தெரியாத எழுத்து. போட்டேன். நானும் செத்துப்போகலாம் என்று அப்போதுதான் உறைத்தது. கடைசி மூச்சில் மனசு எதைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று யோசித்தேன். சாமி பெயர் எதுவும் வரவில்லை. மெஷினுக்குள் ஈரத் துணி நாறிப்போகுமே என்பதுதான் வந்தது. அப்பாவின் பூ லாரியை நினைத்து, அந்த மயக்கத்திலும் எனக்கு அழுகை முட்டியது.

பையன். கைக்குள் அடங்குகிற அளவு. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். நர்ஸ் ஒருத்தி அவனைப் பார்த்து, சீ, என்ன அசிங்கம் என்றாள். தூக்கிவாரிப் போட்டது. பிறகுதான் ஞாபகம் வந்தது: நம் பக்கத்தில் பிச்சை என்றும் குப்பன் என்றும் பெயர் வைப்பது எதற்காகவோ, அதற்காகத்தான் இதுவும். அழகு என்று சொன்னால் எதுவோ வந்து கொண்டுபோய்விடும். எங்கே போனாலும் குழந்தையைக் கொண்டுபோக எதுவோ ஒன்று காத்துக்கொண்டுதான் இருக்கிறது.

ஏழு மாதத்தில் பிறந்தது தங்கும், எட்டில் பிறந்தது தங்காது என்பார்கள் ஊரில். டாக்டர் அப்படி ஒன்றும் இல்லை என்றார். ஆனால் அவன் மூச்சு விட மறந்தான். மார்பு அசைவது நிற்கும், பெட்டி கூவும், நர்ஸ் வந்து உள்ளங்காலைச் சுண்டுவாள், மறுபடி விடுவான். பிறப்புப் பதிவுக்குப் பெயர் வேண்டும் என்று அலுவலகத்துப் பெண் வந்து கேட்டாள். கணவர் என்னைப் பார்த்தார். நாளைக்குச் சொல்கிறோம் என்று அனுப்பிவிட்டோம்.

6

பயந்தவர்களைக் காக்க வைப்பது பாவம். அதனால் சொல்லிவிடுகிறேன், அவன் பிழைத்துக்கொண்டான். இப்போது தவழ்ந்துபோய் மாலியின் செருப்பை வாயில் வைக்கிறான். நான் சொல்ல வந்தது, அவன் பிழைப்பானா என்று யாருக்கும் தெரியாத அந்த நாட்களில் ஒரு பகல்பொழுதைப் பற்றி.

எட்டாம் மாதம் என்பதை அம்மாவுக்குச் சொல்ல வேண்டாம் என்று இருந்தோம். தம்பி உளறிவிட்டான். அம்மா வீடியோவில் வந்து குழந்தையைக் காட்டச் சொன்னாள். கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து போனைத் தூக்கிப் பிடித்தேன். அப்பாவின் மூக்கைத் தேடுவாள், காதைத் தேடுவாள், இவர்தான் என்று சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தேன். அவள் போனை முகத்துக்கு நெருக்கமாகக் கொண்டுவந்தாள். அப்போது பெட்டி கூவியது. நர்ஸ் வந்து காலைச் சுண்டினாள்.

"இன்னா பண்றா அவ?"

"மூச்சு வுட மறந்துடறாம்மா. சுண்டுனா திரும்ப வுடறான்."

அம்மா புரிந்துகொண்டது வேறு. அவள் குரல் இறங்கிப்போனது.

"நாந்தான்டி. கூப்ட்டுகினே கீறேன்ல நான், அதான் அவரு வரதா போறதான்னு தவிக்கிறாரு. அந்தப் பேரு வெக்காத."

"அம்மா, அப்பிடி எல்லாம் இல்லம்மா."

"வெக்காதன்னு சொல்றேன்."

பிறகு அவள் என்னிடம் பேசவில்லை. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, அப்பா கடையிலிருந்து சாப்பிட வரும்போது பேசுகிற அதே மரியாதையோடு, பக்கத்தில் யாரோ நிற்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இன்னாங்க. நீங்க போங்க. எங்கள பாக்காதீங்க. புள்ள இருக்கட்டும், நீங்க போங்க."

சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அப்பாவைத் தூக்கிக்கொண்டு போன அன்றுகூட அவள் அழவில்லை என்றும், தெருவே அதைப் பேசியது என்றும் தம்பி பிறகு சொன்னான். வரப்போகிறவருக்காக எதற்கு அழ வேண்டும் என்று இருந்திருக்கிறாள். இப்போது திரும்பிப் பார்த்துவிடப் போகிறார், அழாதே என்று அவளிடம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவள் அழுதாள். எனக்கும் அப்பா அன்றைக்குத்தான் செத்தார்.